பகடை உருளுது, கதை நகரலையா? புது டேபிளுக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஆசையாக உட்கார்ந்து, பாதியிலேயே மாட்டிக்கொண்ட புதுச்சேரி, கடலூர்க் குழுக்களுக்கானது இது. நான்கு ஆட்டக்காரர்கள், கதையை நடத்த ஒரு டிஎம், எல்லோரும் முதல் லெவல், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. விதி எண்கள் எல்லாம் 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பின்படி. அதன் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. காசில்லாமல் பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் மாற்றியும் பயன்படுத்தலாம். 2024 திருத்தப் பதிப்பை வைத்திருப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே டேபிளில் இரண்டையும் கலந்தால் மந்திரத்துக்கு மந்திரம் தகராறு வரும்.

முழுவதும் படிக்க வேண்டாம். உங்கள் டேபிளில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போனால் போதும். "உருட்டி உருட்டியே" என்ற பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மூன்று மணி நேரமும் கேரக்டர் போடுவதிலேயே போய்விட்டது

காரணம்: ஒரே பிடிஎஃப், நாலு பேர், ஆளுக்கொரு பக்கம் தேடுகிறார்கள். இதில் யாராவது ஒருவர் எல்லா ரேஸையும் (இனம்) எல்லா கிளாஸையும் (தொழில்) படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன் என்பார்.

முதல் செஷனுக்கு டிஎம் நாலு ஷீட்டை (கேரக்டர் விவரத் தாள்) எழுதிக்கொண்டு வரட்டும்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கிப் பூட்டுத் திறப்பவர்), கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி), விஸர்ட் (மந்திரவாதி). ஆட்டக்காரர்கள் பெயரும் ஒரு பழக்கமும் மட்டும் வைத்தால் போதும். இரண்டு செஷன் கழித்து, பிடிக்கவில்லை என்றால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதித் தயக்கம் போய்விடும்.

திறன் எண்களுக்குப் பகடை வேண்டாம். 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் வரிசையைப் பிரித்துக் கொடுங்கள். மாதிரிக்கு ஒரு மனித ஃபைட்டர்: மனிதர் என்பதால் ஆறு எண்ணுக்கும் ஒன்று கூடும். ஸ்ட்ரெங்த் 16, கான்ஸ்டிடியூஷன் (உடல் தாங்கும் திறன்) 15, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, விஸ்டம் 13, கரிஸ்மா 11, இன்டலிஜென்ஸ் 9. ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 10 + 2 = 12. செயின் மெயில் கவசம் 16, கேடயம் 2, ஆக ஏசி (இவர் மேல் அடி பட எதிரி தொட வேண்டிய எண்) 18. நீளவாளால் அடிக்க +5, பட்டால் ஒரு டி8 (எட்டுப் பக்கப் பகடை) + 3. இவ்வளவுதான், கால் பக்கம் கூட வராது.

ஷீட்டை இங்க்ஜெட்டில் அடிக்காதீர்கள். நம் ஊர் வியர்வைக் கைக்கு இரண்டு மணி நேரத்தில் எண்கள் கரைந்துவிடும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் எழுதுங்கள். ஹெச்பி கட்டத்தை அழித்து அழித்து எழுதியே தாள் ஓட்டையாகும், அதற்கு மட்டும் தனியாக ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளலாம்.

டைஸ் செட் இன்னும் வரவில்லை, அல்லது ஒரே ஒரு செட்தான் இருக்கிறது

ஒரு செட்டில் ஏழு பகடை: டி4, டி6, டி8, டி10, பத்துப் பத்தாக எண் போட்ட இன்னொரு டி10, டி12, டி20. ஐந்து பேருக்கு ஒரு செட் போதும். கைமாறுவதில் நேரம் போகும், அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை என்றாலும் ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஹவுசி பெட்டியிலிருந்து 1 முதல் 20 வரை உள்ள வில்லைகளை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டால் அதுதான் டி20. எடுத்த வில்லையை ஒவ்வொரு முறையும் பைக்குள் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாவிட்டால் கணக்கு கெட்டுவிடும், கடைசியில் 20 யாருக்கு வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். தாயக்கட்டை ஒன்று இருந்தால் அது டி4: 1, 2, 3 அப்படியே, வெற்றுப் பக்கம் 4.

வெறும் லூடோ பகடை மட்டும்தான் என்றால் மூன்று உருட்டில் டி20 எடுக்கலாம். முதல் உருட்டில் 6 வந்தால் திரும்ப உருட்டி, 1 முதல் 5 வரை ஓர் எண் எடுங்கள். இரண்டாவது இரட்டைப்படையானால் 5 கூட்டுங்கள். மூன்றாவது இரட்டைப்படையானால் 10 கூட்டுங்கள். 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. டி12-க்கு ஒரு பகடையும் ஒரு நாணயமும்: தலை விழுந்தால் 6 கூட்டு. டி8-க்குத் தாயக்கட்டையும் நாணயமும்: தலை விழுந்தால் 4 கூட்டு.

செட் வந்த பிறகு வரும் குழப்பங்கள் வேறு. டி10-இல் 0 என்றால் 10. டி4-இல் மேலே நேராக நிற்கும் எண்ணைப் படியுங்கள். சில வகையில் அது உச்சியில் இருக்கும், சில வகையில் அடியோரத்தில் இருக்கும், மூன்று பக்கமும் ஒரே எண்ணைக் காட்டும். டி12-ஐ டி20 என்று நினைத்து ஒரு மாலை முழுக்க உருட்டுவதும் உண்டு. ஒருவருக்குத் தொடர்ந்து 12-க்கு மேல் வராவிட்டால் அதிர்ஷ்டத்தைத் திட்டும் முன் பகடையைப் பாருங்கள்.

எதோடு எதைக் கூட்டுவது என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்

டி20 + மாடிஃபையர், அந்த வேலையில் பயிற்சி இருந்தால் கூடவே புரொஃபிஷியன்ஸி (முதல் நாலு லெவலுக்கும் +2). வரும் மொத்தம் டிஎம் சொன்ன எண்ணைத் தொட்டாலே வெற்றி, தாண்ட வேண்டியதில்லை.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஸ்ட்ரெங்த் 16 என்றால் 16-ஐயே கூட்டிவிடுவது: கூட்ட வேண்டியது +3 மட்டும். எண்ணில் 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்கினால் மாடிஃபையர் கிடைக்கும். அதனால் 9 என்றால் சைபர் இல்லை, -1. அடுத்தது, புரொஃபிஷியன்ஸியை அடியின் சேதத்தோடும் கூட்டுவது. கூட்டக் கூடாது. கடைசியாக, கிரிட்டிகல் (அடிக்கும்போது பகடையிலேயே 20) விழுந்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவது. பகடைகள்தான் இரட்டிப்பு, மாடிஃபையர் ஒரே தடவைதான். நேரடி 20 தானாக ஜெயிப்பது தாக்குதலில் மட்டும். 20 விழுந்ததற்காகச் சுவரேறுகிறவர் நிலாவுக்குப் போக முடியாது.

ஷீட்டில் அடிக்கடி தேவைப்படும் கூட்டுத்தொகைகளை டிஎம் ஸ்கெட்ச் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தால் இரண்டாவது செஷனில் இந்தக் கேள்வி வராது.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள்

ஆட்டக்காரர்களுக்குக் கூச்சம் என்று நினைப்பது வழக்கம். பெரும்பாலும் கூச்சம் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை. "நீங்க ஒரு பழைய கிடங்குக்குள்ள இருக்கீங்க" என்று சொல்லி நிறுத்தினால் யார்தான் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு வர்ணனையும் கை வைக்கக்கூடிய மூன்று பொருள்களோடு முடியட்டும். அவற்றில் ஒன்றாவது அசைவதாக இருக்கட்டும்.

"கிடங்கு முழுக்க உடைஞ்ச ஜாடி. மூலையில ஒரு மரப்பெட்டி, பூட்டு புதுசு. மேல ஓட்டுல யாரோ நடக்குற சத்தம், ஒரு ஓடு சரிஞ்சு விழுது. ரோக், உன் காலுக்குப் பக்கத்துல விழுந்திருக்கு. என்ன பண்றே?"

கடைசியில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டதைக் கவனியுங்கள். பொதுவாகக் கேட்டால் நாலு பேரும் மற்ற மூன்று பேருக்காகக் காத்திருப்பார்கள்.

குரல் மாற்றி நடிக்கத் தெரியவில்லை என்று தயங்குபவர்களுக்கு: நடிக்க வேண்டியதில்லை. "என் ஆளு காவல்காரன்கிட்ட நைசாப் பேசி உள்ள போகப் பாக்குறான்" என்பதும் முழுமையான ஆட்டம்தான். தமிழில் விளையாடும்போது டிஎம்முக்கு ஒரு சௌகரியம் வேறு இருக்கிறது. கோட்டைத் தலைவன் முதல் வாக்கியத்திலேயே "வாங்க" என்கிறானா "வாடா" என்கிறானா என்பதில் அவன் யார், இவர்களை எப்படி மதிக்கிறான் என்பது வந்துவிடும். குரலைக் கரகரப்பாக்கிச் சிரமப்பட வேண்டாம்.

உருட்டி உருட்டியே கதை நின்றுவிடுகிறது

அறிகுறி இப்படி இருக்கும். கதவு பூட்டியிருக்கிறது. "உருட்டு." 7. "திறக்கல." "மறுபடி உருட்டட்டா?" "சரி." 9. "திறக்கல." அடுத்தவர், "நான் உருட்டிப் பாக்குறேன்டா." இப்படியே கால் மணி நேரம். கடைசியில் திறக்கிறது. யாருக்கும் சந்தோஷமில்லை, ஏனென்றால் அது திறக்கப்போகிறது என்பது முதலிலேயே தெரியும்.

தோற்றால் என்ன ஆகும் என்று முடிவு செய்யாமல் பகடையைக் கையில் எடுத்ததுதான் கோளாறு. பகடைக்கு முன்னால் டிஎம் மனதில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். தோற்றால் ஏதாவது மாறுமா? ஜெயிக்க முடியுமா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் பகடை வேண்டாம், "திறக்குது, கொஞ்ச நேரம் ஆச்சு" என்று போய்க்கொண்டே இருங்கள். இரண்டாவதற்கு இல்லை என்றாலும் பகடை வேண்டாம், முடியாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் உருட்டல், அதுவும் விலையைச் சத்தமாகச் சொன்ன பிறகு:

"உப்புக்காத்துல துருப்பிடிச்ச பூட்டு. 15 வந்தா சத்தமில்லாமத் திறக்கும். வரலைன்னாலும் திறந்துடும், ஆனா கம்பி உடையுற சத்தத்துல உள்ள தூங்குறவன் முழிச்சுக்குவான். உருட்டுறியா, இல்ல ஜன்னல் பக்கம் போய்ப் பாக்குறியா?"

இப்போது எந்த எண் விழுந்தாலும் கதை ஓரடி நகர்ந்துவிட்டது. ஒரு தடவைதான் உருட்டல். அந்தத் தடவைக்கு டேபிளே எழுந்து நின்று பார்க்கும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்க விதிப்புத்தக அளவு: எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20. புதுக் குழுக்களில் டிஎம்கள் எல்லாவற்றுக்கும் 15 என்று சொல்லிவிடுகிறார்கள். +3 உள்ள ஒருவர் 15-ஐத் தொட வாய்ப்பு 45 சதவீதம்தான். கதை நகரத் தேவையான துப்பை அந்த ஓர் உருட்டலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், பாதிக்கு மேற்பட்ட மாலைகளில் கதை அங்கேயே சாகும். கட்டாயம் தெரிய வேண்டிய விஷயத்தைத் தேடினாலே கொடுத்துவிடுங்கள். உருட்டலை அதற்கு மேலான லாபத்துக்கு வையுங்கள். அல்லது அதே முடிவுக்கு மூன்று வேறு இடங்களில் துப்பு வையுங்கள்: கடிதம், சாட்சி, சேற்றில் கால்தடம். ஆட்டக்காரர்கள் இரண்டைத் தவறவிடுவது சகஜம்.

இதிலேயே இன்னொரு வகை: "எல்லாரும் உருட்டுங்க." மாடிஃபையரே இல்லாத ஐந்து பேர் 15-க்கு உருட்டினாலும் யாராவது ஒருவர் தொட 83 சதவீதம் வாய்ப்பு. அதாவது அது சோதனையே இல்லை. ஒருவர் உருட்டட்டும், இன்னொருவர் எப்படி உதவுகிறார் என்று சொன்னால் அட்வான்டேஜ் கொடுங்கள். இரண்டு டி20, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 45 சதவீத வாய்ப்பு அதில் 70-க்குப் போகும்.

பதுங்கிப் போவதில் நேர் எதிர். ஆளுக்கு 60 சதவீத வாய்ப்பு இருந்தாலும் நாலு பேரும் தனித்தனியாக ஜெயிக்க வேண்டும் என்றால் மொத்தம் 13 சதவீதம்தான் தேறும். "நாங்க எப்பப் பதுங்கினாலும் மாட்டிக்கிறோம்" என்ற புகார் இதனால்தான். விதியிலேயே இதற்குக் குழுச் சோதனை இருக்கிறது: பாதிப் பேர் ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்த மாதிரி. அதே நாலு பேருக்கு வாய்ப்பு 82 சதவீதமாகிவிடும். இந்த விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு கவசம் போட்ட ஃபைட்டரைத் திட்டும் குழுக்கள் ஏராளம்.

முதல் சண்டையிலேயே எல்லோரும் விழுந்துவிட்டார்கள்

நாலு பேருக்கு நாலு காப்ளின் (குட்டி அரக்கன்) விட்டிருப்பீர்கள். சமமாகத் தெரியும். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), நாலுக்கு 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் லெவல் நாலு பேருக்கு 400 என்பது புத்தகம் "உயிராபத்து" என்று வைத்திருக்கும் கோடு. மூன்று காப்ளின் என்றால் 300, கடினம். இரண்டு என்றால் ஒன்றரையால்தான் பெருக்க வேண்டும், ஆக 150, எளிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். முதல் சண்டைக்கு இரண்டுதான் சரி. மூன்றாவது வேண்டுமானால் இரண்டு சுற்று கழித்து ஓடி வரட்டும்.

ஏன் இவ்வளவு கடுமை என்றால், காப்ளின் அடிக்க +4. ஏசி 12 விஸர்ட் மேல் 65 சதவீதம் படும், ஏசி 18 ஃபைட்டர் மேல் 35 சதவீதம்தான். பட்டால் டி6 + 2. விஸர்டின் ஹெச்பி 8 என்று வைத்தால் ஒரே அடியில் விழலாம். அதே சமயம் ஃபைட்டர் ஒரு சுற்றில் ஒரு காப்ளினைக் கொல்ல வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான், ஏனென்றால் காப்ளினுக்கும் ஏசி 15, ஹெச்பி 7. எனவே யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் சண்டை. வாசலில் ஃபைட்டர் நின்றுவிட்டால் கதையே மாறும்.

விஸர்டிடம் ஸ்லீப் மந்திரம் இருந்தால் அதை முதல் சுற்றிலேயே போடச் சொல்லுங்கள். ஐந்து டி8, சராசரி 22 ஹெச்பி அளவுக்குத் தூங்க வைக்கும், குறைந்த ஹெச்பி உள்ளவரிலிருந்து தொடங்கும். முழு ஹெச்பியில் மூன்று காப்ளின் 21. ஆனால் மந்திரம் விழும் வட்டத்துக்குள் நம் ஆள் நின்றால் அவரும் குறட்டை விடலாம்.

சண்டை நடுவில் நிலைமை கைமீறினால் டிஎம்முக்கு இரண்டு வழி. ஒரு காப்ளின் செத்ததும் மற்றது ஓடட்டும், சம்பளத்துக்கு வந்தவன் சாக மாட்டான். இல்லையென்றால் விழுந்தவர்களைக் கட்டித் தூக்கிப் போகட்டும், அடுத்த செஷன் சிறையில் ஆரம்பிக்கும். பகடையை மறைத்து எண்ணை மாற்றுவது மூன்றாவது வழி, அதை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பிறகு எந்த உருட்டலுக்கும் யாருடைய நெஞ்சும் படபடக்காது.

இன்னொன்று: ஹெச்பி 0 என்றால் சாவு இல்லை. தன் முறை வரும்போது டி20 உருட்ட வேண்டும். 10-க்குக் கீழே தோல்வி, 10-உம் மேலும் வெற்றி. மூன்று வெற்றியில் நிலைப்படும், மூன்று தோல்வியில் முடிந்தது. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹெச்பியோடு கண் விழிப்பார். கிளெரிக்கின் ஹீலிங் வேர்ட் 60 அடி தூரத்திலிருந்து, முக்கியச் செயலைச் செலவழிக்காமல் போனஸ் ஆக்‌ஷனில் எழுப்பிவிடும். முதல் லெவலில் அதைவிடச் சிறந்த மந்திரம் கிளெரிக்கிடம் இல்லை.

விஸர்ட் இரண்டு மந்திரம் போட்டதும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்

இரண்டு ஸ்லாட் (பெரிய மந்திரம் போடும் வாய்ப்பு) தீர்ந்தது, அவ்வளவுதான். கேன்ட்ரிப் என்ற சின்ன மந்திரம் மூன்று இருக்கிறது, அவற்றுக்கு ஸ்லாட் வேண்டாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். ஃபயர் போல்ட் 120 அடிக்கு டி10 சேதம். ஷீட்டில் கேன்ட்ரிப்பை வாளைப் போலவே ஆயுதக் கட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மறக்காது.

ஒரு சண்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது

தன் முறை வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். முறை வரிசையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு அட்டையில் எழுதி நிறுத்துங்கள். ஒருவரைக் கூப்பிடும்போதே "அடுத்தது நீ" என்று அடுத்தவரையும் சொல்லுங்கள். அடிக்கும் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டலாம். எதிரியின் ஏசியை இரண்டாவது சுற்றில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், "பட்டுச்சா, பட்டுச்சா" என்ற கேள்வி நின்றுவிடும். ஒரே வகை எதிரிகள் எல்லோருக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (முறை வரிசைக்கான உருட்டல்).

யார் எங்கே நிற்கிறார் என்ற வாக்குவாதம்தான் மிச்ச நேரத்தைத் தின்கிறது. மினியேச்சர் (குட்டிப் பொம்மை) வாங்க வேண்டாம். கேரம் காய்கள் இருக்கின்றன: வெள்ளை நம்மவர், கறுப்பு எதிரி, சிவப்பு தலைவன். கேரம் காய் மூன்று சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும் என்பதால் வழக்கமான ஓர் அங்குலக் கட்டத்தில் அடங்காது. தரையில் சாக்பீஸால் நாலு சென்டிமீட்டர் இடைவெளியில் கோலப்புள்ளி மாதிரி வையுங்கள், கோடு கூட வேண்டாம். ஒரு புள்ளியிலிருந்து அடுத்தது ஐந்து அடி. சாதாரண மனிதர் ஒரு முறையில் 30 அடி, அதாவது ஆறு புள்ளி நகரலாம்.

டிஎம்முக்கு ஊரும் பேரும் கதையும் தோன்றவில்லை

பனிமலை, ஓக் மரக்காடு என்று பார்க்காத இடத்தை வர்ணிக்கப் போய்த்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானைகள் கிடைத்த ஆற்றங்கரைத் துறைமுகம் அது. கிடங்கு, சேறு, வெளிநாட்டுக் கப்பல், மணி செய்யும் பட்டறை, எல்லாம் தயாராக இருக்கிறது. அடியில் ஒரு சுரங்கத்தை மட்டும் நீங்கள் சேர்த்தால் போதும்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னும் நல்லது உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள். இதை அப்படியே கற்பனை ராஜ்ஜியத்துக்கு மாற்றுங்கள். நாளைக் காலை பீரங்கி வெடிக்கும். ஒரு கிராமத்து நாட்டாமை, குண்டு எங்கள் ஏரியைத் தாண்டக் கூடாது என்று பணம் கொடுக்கிறார். பக்கத்து ஊர் வியாபாரி, தாண்டியே ஆக வேண்டும் என்று இருமடங்கு கொடுக்கிறார். பீரங்கி காவலில் இருக்கிறது, வெடிமருந்து தனி அறையில் இருக்கிறது, இரவு ஒன்றுதான் பாக்கி. மூன்று மணி நேர ஒன்ஷாட்டுக்கு (ஒரே அமர்வில் முடியும் கதை) இதற்கு மேல் எழுத வேண்டாம்.

வீட்டில் "சூதாட்டமா?" என்று கேட்கிறார்கள்

பகடையைப் பார்த்தால் கேட்கத்தான் செய்வார்கள். மூடிய அறையை விட்டு ஹாலில் உட்காருங்கள், காசு எதுவும் மேசை மேல் வேண்டாம். கேட்கும் பாட்டியைக் கதையில் வரும் காவல்காரனாகப் பேசச் சொன்னால் விஷயம் முடிந்தது.

ஒருவர் முகம் சுருங்கிப் பேச்சு குறைந்துவிட்டது

கதையில் ஏதோ ஒன்று அவரைத் தொட்டிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தி டீ போடுங்கள், தனியாகக் கேளுங்கள், காரணம் கேட்டுக் குடையாமல் அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். அடுத்த கதைக்கு முன் எவையெல்லாம் வேண்டாம் என்று எல்லோரிடமும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டு செஷன் நடந்தது, மூன்றாவதுக்கு ஆள் சேரவில்லை

முதலில் இடத்தைப் பாருங்கள். பீச் ரோட்டில் சாயங்காலம் உட்கார்ந்து ஆடலாம் என்று எல்லோருக்கும் ஒரு முறை தோன்றும். கடற்காற்றுக்கு ஷீட் பறக்கும், பகடை பாறை இடுக்கில் விழும், டிஎம் சொல்வது மூன்றாவது ஆளுக்குக் கேட்காது. மொட்டை மாடி என்றால் ஐந்து மணிக்கு மேல். கடலூரிலிருந்து வருபவர் இருந்தால் முடியும் நேரத்தை அவருடைய பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். எட்டு மணி என்றால் எட்டு மணி, சண்டை பாதியில் இருந்தாலும் ஹெச்பியையும் புள்ளி இடங்களையும் போனில் படமெடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை தொடர்கதை ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் மழை, மறு வாரம் புயல் எச்சரிக்கை, அதற்கடுத்த வாரம் கரண்ட் இல்லை என்று போகும். அந்தப் பருவத்துக்கு ஒரே நாளில் முடியும் ஒன்ஷாட்தான். விதிகளைப் போனில் மட்டும் வைத்திருக்காமல், சண்டை, ஓய்வு, மந்திரப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் ஓடும்.

எல்லோரும் வரும் நாளுக்காகக் காத்திருப்பதுதான் குழுக்களைக் கொல்கிறது. மூன்று ஆட்டக்காரர்கள் வந்தால் ஆட்டம் உண்டு என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். வராதவரின் கேரக்டர் கதையில் ஒரு தோணிக்குக் காவல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை வேறு யாரும் ஆட்டக் கூடாது, அவர் இல்லாதபோது சாகவும் கூடாது, லெவல் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்தே ஏறட்டும். அடுத்த முறை வரும்போது தோணியில் என்ன பார்த்தார் என்று அவரிடமே கேளுங்கள்.